கரைக்குத் திரும்பிய படகோட்டியைத் தண்டிக்காதீர்கள்: கொழும்பில் மீன்பிடிச் சுற்றுலா நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பிலிருந்தும் அதை அண்டிய கரைகளிலிருந்தும் ஆழ்கடல் மீன்பிடிச் சுற்றுலா நடத்தும் படகு உரிமையாளர்களுக்கும் முகவர்களுக்கும்,

கடந்த ஏப்ரல் மாதம், நாங்கள் பணம் கட்டிப் போன படகை நேரத்துக்கு முன்பே கரைக்குத் திருப்பினார் என்பதற்காக, உங்களில் ஒருவர் தன் படகோட்டியை வேலையிலிருந்து நிறுத்தினார். அன்றைய கூலியும் அவருக்குக் கிடைக்கவில்லை. எங்களுக்குத் திருப்பித் தந்த பாதிப் பணத்தைக்கூட அவர் பேரில் கடனாக எழுதிவிட்டார்கள். நான் அந்தப் படகில் இருந்தவன். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. படகோட்டியின் பெயரையும் எழுதவில்லை, அவர் இன்னும் இதே கரையில்தான் பிழைக்க வேண்டும். அதன் பிறகு நான் பேசிப் பார்த்த வேறு படகோட்டிகளும் "எங்களுக்கும் இதே கதைதான்" என்றார்கள். அதனால்தான் ஒருவருக்கு எழுத வேண்டியதை உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். அன்று எங்களுக்குக் கிடைத்தது இரண்டாவது பயணம். முன்பெல்லாம் இந்தப் பயணங்கள் விடியும் முன்னரே புறப்பட்டு மதியத்தோடு கரை சேரும். இப்போது ஆட்கள் கூடிவிட்டதால் அதே படகைக் காலையில் ஒரு குழுவுக்கும் மதியத்தில் இன்னொரு குழுவுக்கும் கொடுக்கிறீர்கள். ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் பெரியப்பாவின் மகன், பள்ளிக்கூடம் போகும் அவருடைய இரண்டு பையன்கள், நான். படகோட்டியும் அவருக்கு உதவியாக ஒரு இளைஞனும். படகில் ஒரே ஒரு அவுட்போர்ட் எஞ்சின்.

கரையிலிருந்து 15 கிலோமீற்றர் அளவில் இருந்திருப்போம். மீன் நன்றாகவே பட்டது. பெரிய பையனின் தூண்டிலில் ஒரு சூரை ஏறி, அவன் அதை ரீலில் சுற்றி எடுப்பதற்குள் கை சோர்ந்துபோனான். நாங்கள் எல்லோரும் படகின் பின்பக்கம் திரும்பி, இழுபட்டு வரும் தங்கூசிகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். படகோட்டி மட்டும் அடிக்கடி கரைப் பக்கம் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, தாமரைக் கோபுரம் தெரியுதா பாருங்க" என்றார். 350 மீற்றருக்குமேல் உயர்ந்து நிற்கும் கோபுரம் அது. கடலில் வெகுதூரம் போனாலும் கொழும்பு எங்கே என்று காட்டிக்கொண்டிருக்கும். அன்று அதன் மொட்டு காணாமல் போயிருந்தது. அதற்குப் பின்னால் களனிப் பக்கம் முழுவதும் கறுத்துக் கிடந்தது.

தூண்டில்களை எடுக்கச் சொன்னார். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. தலைக்கு மேலே வெயில் அடிக்கிறது, கடலும் அமைதியாக இருக்கிறது, இன்னும் இரண்டு மணித்தியாலம் பாக்கி இருக்கிறது, மீனும் படுகிறது, ஏன் திரும்ப வேண்டும்? படகோட்டி வாதாடவில்லை. "கோவிக்காதீங்க சேர், பிள்ளைகள் இருக்கு" என்று மட்டும் சொல்லி எஞ்சினைக் கூட்டினார்.

நாங்கள் கரை சேர்ந்தபோது மழை இல்லை. மழையும் இடியும் உள்நாட்டுப் பக்கமாகவே நின்றுவிட்டன. கடலில் காற்று சற்று எழும்பி அடங்கியது, அவ்வளவுதான். உங்களில் ஒருவரான அந்த நிறுவனத்தின் ஆள் கரையில் நின்றுகொண்டு, எங்கள் முன்னாலேயே, "மழையே பெய்யல்லையே, யாரைக் கேட்டுத் திருப்பினாய்?" என்று கேட்டார். அறுபது வயதைத் தாண்டிய ஒரு மனிதரை ஒருமையில் அழைத்துக் கேட்டார்.

என் மறுப்பு அந்தக் கேள்விக்குத்தான். மழை பெய்ததா இல்லையா என்பதை வைத்து, திரும்பியது சரியா பிழையா என்று கரையில் நின்று தீர்ப்புச் சொல்ல முடியாது. திரும்ப வேண்டிய நேரத்தில் படகோட்டிக்குக் கிடைப்பது ஒரு கறுப்பும் கொஞ்சம் காற்றும் மட்டும். அது கடலுக்கு வருமா, உள்நாட்டிலேயே பெய்து தீருமா என்பது முக்கால் மணித்தியாலம் கழித்துத்தான் தெரியும். அந்தப் படகு 15 கிலோமீற்றரைக் கடக்கவும் அதே முக்கால் மணித்தியாலம் வேண்டும். வரும் என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் திரும்ப வேண்டும் என்றால், அதற்குப் பிறகு திரும்புவதற்கு நேரம் இருக்காது. பத்துத் தடவை திரும்பி ஒன்பது தடவை மழை வராமல் போனாலும் அவர் பத்துத் தடவையும் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

நீங்கள் கடல் தொழிலோடு பழகியவர்கள், இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் முகவர்கள் சிலர் ஹோட்டல் வரவேற்பறையில் மேசை போட்டு உட்கார்ந்து பயணம் விற்கிறார்கள், அவர்களுக்காகவும் சொல்கிறேன். மார்ச், ஏப்ரல் மாதங்களும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களும் எங்கள் பக்கத்தில் இடைப்பருவக் காலம். வாடை என்ற வடகிழக்குப் பருவக்காற்றும் இல்லை, சோழகம் என்ற தென்மேற்குப் பருவக்காற்றும் இல்லை. காலையில் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும். வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, மதியத்துக்குப் பிறகு உள்நாட்டில் இடிமேகம் கட்டும். அது பல நாட்களில் பின்னேரம் கரையைத் தாண்டிக் கடலுக்கும் வரும். அந்த மேகத்துக்கு முன்னால் ஓடிவரும் குளிர்காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். கரையோரத்தில் நின்று பார்த்தால் அலையே தெரியாது. வெளியே போகப் போகத்தான் அலை எழும்பும். ஒற்றை எஞ்சின் படகு ஒன்று அந்தக் காற்றுக்கு எதிராகத்தான் கரைக்கு வர வேண்டும். எஞ்சின் நின்றால் படகு போகும் திசை மாலைதீவுப் பக்கம்.

மின்னலை விட்டுவிட்டேன். மின்னல் தெரிந்து 30 விநாடி கழித்து இடி கேட்டால் அந்த மின்னல் விழுந்த இடம் வெறும் 10 கிலோமீற்றர் தூரத்தில்தான். தரையில் இருப்பவர்கள் வீட்டுக்குள்ளோ வாகனத்துக்குள்ளோ ஓட வேண்டிய தூரம் அது. திறந்த படகில் எங்கே ஓடுவது? சுற்றிலும் தட்டையான தண்ணீரில் உயரமாக நிற்பது மனிதன்தான், அவன் கையில் கார்பன் தூண்டில் தடி. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். ஒரு பதினான்கு வயதுப் பையனின் கையில் அதைக் கொடுத்து, ஏப்ரல் மாதத்து மதியத்தில், கரையிலிருந்து முக்கால் மணித்தியால தூரத்தில் நிறுத்துவதற்குத்தான் நீங்கள் பணம் வாங்குகிறீர்கள். அந்தப் பையனைப் பத்திரமாகக் கொண்டுவந்தவரைத்தான் வேலையை விட்டு அனுப்பினீர்கள்.

"வளிமண்டலவியல் திணைக்களம் அன்றைக்கு எச்சரிக்கை விடவில்லையே" என்று எனக்குத் தொலைபேசியில் பதில் சொன்னார்கள். திணைக்களத்தின் கடல் அறிக்கையை நீங்கள் ஒழுங்காக வாசிப்பீர்கள் என்றால் எனக்கு மகிழ்ச்சி. புத்தளத்திலிருந்து கொழும்பு, காலி ஊடாக ஹம்பாந்தோட்டை வரையான கடற்பரப்பு என்று அது ஒரே மூச்சில் சொல்லும் பகுதி நாட்டின் மேற்கு, தெற்குக் கரைகளின் பெரும்பகுதியை அடக்கியது. இடியுடன் கூடிய மழை பெய்யும் இடங்களில் தற்காலிகமாகப் பலத்த காற்று வீசலாம் என்று இந்தக் காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். எந்த மணிக்கு, எந்த இடத்தில் என்று அதனால் சொல்ல முடியாது. அதைச் சொல்லக்கூடியவர் அந்த இடத்தில் இருக்கும் படகோட்டி ஒருவர்தான்.

2013 ஜூன் மாதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே இரவில் எழுந்த கடுங்காற்று எங்கள் மேற்கு, தெற்குக் கரையோரங்களில் 40-க்கும் மேற்பட்ட மீனவர்களைக் கொண்டுபோனது. எச்சரிக்கை உரிய நேரத்தில் வரவில்லை என்று அப்போது கரையெல்லாம் கோபம் இருந்தது. இறந்தவர்கள் கடலோடு பிறந்து வளர்ந்தவர்கள், நீந்தத் தெரிந்தவர்கள், படகின் ஒவ்வொரு அசைவும் பழகியவர்கள். உங்கள் படகில் ஏறும் நாங்கள் அப்படியில்லை. பாதிப் பேருக்கு நீச்சலே தெரியாது. படகு ஆடத் தொடங்கியதும் வாந்தி எடுத்துவிட்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டு கிடப்போம். அப்படிப்பட்டவர்களை ஏற்றிப் போகும் படகில் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக இருக்க வேண்டும். நீங்கள் செய்திருப்பது நேர்மாறு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உங்கள் பயணங்களில் நாங்கள் உண்மையில் எதற்குக் காசு கொடுக்கிறோம்? படகுக்கா, எரிபொருளுக்கா, தூண்டிலுக்கா? அவையெல்லாம் எங்கேயும் கிடைக்கும். தண்ணீர் பச்சையிலிருந்து நீலமாக மாறும் கோட்டைக் கண்டுபிடித்து அதன் ஓரமாகவே படகை ஓட்டத் தெரிந்த கண்ணுக்குத்தான் கொடுக்கிறோம். கடற்பறவைகள் ஓரிடத்தில் தாழப் பறந்து கொத்தினால் கீழே சிறுமீன் கூட்டம் இருக்கிறது, அதைத் துரத்திப் பெரிய மீனும் வந்திருக்கிறது என்று சொல்லும் அனுபவத்துக்குக் கொடுக்கிறோம். முதலாம் உலகப் போரில் ஜெர்மன் கப்பலான வுல்ஃப் போட்டுவிட்டுப் போன கண்ணிவெடிகளில் சிக்கி 1917-இல் மூழ்கிய வூஸ்டர்ஷயர், பெர்சியஸ் என்ற இரண்டு கப்பல்களும் கொழும்புக் கடலடியில்தான் கிடக்கின்றன. இதுபோன்ற சிதைவுகளைச் சுற்றிப் பாரையும் கலவாயும் கூடும். ஜிபிஎஸ் வருவதற்கு முந்தியே, கரையில் ஒரு கோயில் கோபுரத்தையும் ஒரு கட்டடத்தையும் நேர்கோட்டில் வைத்து இப்படிப்பட்ட இடங்களைப் பிடித்த தலைமுறை எங்கள் படகோட்டியின் தலைமுறை. அந்தக் கண்ணை நம்பித்தான் "மீன் நிச்சயம்" என்று விளம்பரம் போடுகிறீர்கள். மீனைக் காட்டும்போது நம்பும் கண்ணை, ஆபத்தைக் காட்டும்போது மட்டும் ஏன் நம்ப மறுக்கிறீர்கள்?

இந்த மனிதர்கள் உங்களிடம் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். 2021 மே 20-ஆம் திகதி எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற சரக்குக் கப்பல் எங்கள் கண்முன்னால் எரியத் தொடங்கியது. ஜூன் 2-ஆம் திகதி மூழ்கத் தொடங்கியது. அதில் ஏற்றியிருந்த பிளாஸ்டிக் மணிகள் கரையெல்லாம் ஒதுங்கின, கொழும்பை ஒட்டிய கடலில் மீன்பிடி நிறுத்தப்பட்டது, பிடித்த மீனையும் வாங்க ஆட்கள் பயந்தார்கள். அதிலிருந்து எழும்பும் முன்பே அடுத்த வருடம் பொருளாதாரம் விழுந்தது. சிறு படகுகள் ஓடுவது மண்ணெண்ணெயில். 2022 ஓகஸ்ட் மாதம் ஒரே நாளில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. முகத்துவாரத்திலும் அதைச் சுற்றியுள்ள கரைகளிலும் சொந்தப் படகை விற்றவர்களை எனக்குத் தெரியும். கடலை விட்டு முச்சக்கர வண்டி ஓட்டப் போனவர்கள் போக, கடலை விட மனமில்லாதவர்களில் சிலர் உங்கள் படகுகளுக்கு வந்தார்கள். நேற்றுவரை தன் படகுக்குத் தானே சம்மாட்டியாக இருந்தவர், இன்று போகலாமா வேண்டாமா என்று உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. சொந்தப் படகில் இருந்தபோது இப்படியொரு கறுப்பைக் கண்டால் அவர் யாரிடமும் கேட்டிருக்க மாட்டார்.

கூலியைப் பிடித்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த முறை கரை கறுக்கும்போது அவர், அல்லது அவருடைய இடத்துக்கு வந்த இளையவர், மேகத்தைப் பார்க்க மாட்டார். வீட்டு வாடகையையும் பிள்ளையின் ரியூஷன் காசையும் நினைப்பார். இன்னும் கால் மணித்தியாலம் பார்ப்போம் என்று இருந்துவிடுவார். அந்தக் கால் மணித்தியாலத்துக்கு நீங்களே விலை போட்டுவிட்டீர்கள்.

அப்புறம், அந்தப் படிவம். படகில் ஏறும் முன் நாங்கள் ஒப்பமிடும் தாள் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. விபத்து நடந்தால் நிறுவனம் பொறுப்பில்லை என்று நீட்டி முழக்குகிறது. படகோட்டியும் அப்படியொரு தாளில் ஒப்பமிட்டிருக்கிறார், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தமிழும் சிங்களமும் பேசும் கரையில், அந்த இரண்டும் இல்லாத தாளை வைத்து ஒருவரின் கூலியைப் பிடிக்கிறீர்கள். படகில் இருந்த உயிர்காப்பு அங்கிகளைப் பற்றிக் கேட்டால், இருந்தன. முன்பக்கம் பலகைக்கு அடியில் கயிற்றால் கட்டி வைக்கப்பட்டிருந்தன. சின்னவனுக்கு அளவானது ஒன்றும் இல்லை. கரையோடு பேச வானொலிக் கருவியும் இல்லை. கரை மறைந்த தூரத்தில் கைத்தொலைபேசியின் சிக்னலை நம்பி இருக்க முடியாது.

வாடிக்கையாளர்கள் புகார் செய்கிறார்கள், இணையத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிறார்கள், அதனால் தொழில் கெடுகிறது என்று நீங்கள் சொல்வீர்கள். அது உண்மைதான், அந்தக் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கோபத்தைத் தாங்க வேண்டியது பயணத்தை விற்றவர். என் அண்ணனுக்கும் அன்று கோபம்தான் வந்தது. புறப்படும் முன் யாராவது ஒருவர், "இது ஏப்ரல் மாதம், பின்னேரம் இடி கட்டும், படகோட்டி திரும்பு என்றால் திரும்ப வேண்டியதுதான், மிச்ச நேரத்துக்கு இன்னொரு நாள் காலையில் கூட்டிப் போவோம்" என்று சொல்லியிருந்தால் அவர் சந்தோஷமாகச் சரி என்றிருப்பார். யாரும் சொல்லவில்லை. உங்கள் விளம்பரத்தில் இருந்ததெல்லாம் தளப்பத்து மீனைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் படங்கள்தான்.

நான் இந்தக் கடலுக்குத் தொடர்ந்து வருகிறவன், இனியும் வர விரும்புகிறவன். வாடைக் காலத்து விடியலில் துறைமுக அலைதாங்கியைத் தாண்டி வெளியே போய், நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்கு நடுவே முதல் வெளிச்சத்தைப் பார்ப்பதற்கு ஈடாக இந்த நகரத்தில் எனக்கு வேறொன்றும் இல்லை. உங்கள் தொழில் நன்றாக நடக்க வேண்டும், அந்த மனிதர்களுக்கு அதில் கௌரவமான இடம் இருக்க வேண்டும். அதற்காக உங்களிடம் கேட்பவை இவை.

முதலாவது, அந்தப் படகோட்டியைத் திரும்ப அழையுங்கள். அவர் யார் என்பது அவரை நிறுத்தியவருக்குத் தெரியும். அன்றைய கூலியையும், வேலை இல்லாமல் இருந்த நாட்களின் கூலியையும் கொடுங்கள், அவர் பேரில் எழுதிய கடனை அழியுங்கள். எங்களுக்குத் தந்த பாதிப் பணம்தான் தடை என்றால் அதை நான் திருப்பித் தருகிறேன், கடிதத்தோடு வந்து கையில் தருகிறேன்.

இரண்டாவது, புறப்படுவதா, திரும்புவதா என்பதில் படகோட்டியின் சொல்லே இறுதி என்று எழுத்தில் வையுங்கள். பாதியில் திரும்பினாலும், புறப்படாமலே விட்டாலும், அவருக்கும் உதவியாளருக்கும் முழு நாள் கூலி. பயணிகளுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம் நிறுவனத்தின் பையிலிருந்து போகட்டும், அல்லது இன்னொரு நாள் பயணம் கொடுங்கள். இதை விலைப்பட்டியலுக்குப் பக்கத்திலேயே தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் போடுங்கள், பணம் கட்டும் முன் நாங்கள் வாசிக்கும்படி. படகோட்டிகளோடு செய்யும் ஒப்பந்தம் அவர்கள் வாசிக்கக்கூடிய மொழியில் இருக்கட்டும், அவர்களுக்கு விபத்துக் காப்புறுதியும் அதில் இருக்கட்டும்.

இடைப்பருவ மாதங்கள் நான்கிலும் மதியப் பயணத்தை நிறுத்துங்கள். விடியப் போய் மதியத்துக்குள் வரும் ஒரே பயணம் போதும். சோழகக் காலத்தில், மே மாதம் முதல் செப்டெம்பர் வரை, கடல் எச்சரிக்கை உள்ள நாளில் யார் எவ்வளவு கொடுத்தாலும் படகை இறக்காதீர்கள்.

படகு புறப்படும் முன் எல்லோரும் உயிர்காப்பு அங்கியைப் போட்டிருக்க வேண்டும், சிறுவர்களுக்கு அவர்கள் அளவில். கரையைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு படகிலும் வேலை செய்யும் விஎச்எஃப் வானொலியும், அதில் அபாய அழைப்புக்கான 16-ஆம் அலைவரிசையில் பேசத் தெரிந்த ஒருவரும் வேண்டும். இரண்டாவது எஞ்சின் வேண்டும், சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. படகில் யார் யார் போனார்கள், எத்தனை மணிக்குள் வர வேண்டும் என்ற விபரம் கரையில் ஒருவரிடம் இருக்க வேண்டும். அந்த நேரம் தாண்டினால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒக்டோபர் பிறந்தால் அடுத்த இடைப்பருவம் தொடங்கிவிடும். அதற்கு முன், இவற்றில் எதை எப்போது செய்வீர்கள் என்று உங்கள் பெயரோடு, எழுத்தில், எல்லோரும் பார்க்கும்படி பதில் தாருங்கள். பதில் தருகிறவர்களின் படகுகளில் மட்டும்தான் நானும் என் நண்பர்களும் இனி இடம் பதிவோம். எந்த நிறுவனம் பதில் தந்தது, எது தரவில்லை என்பதை வெளிநாட்டிலிருந்து வரும் எங்கள் உறவுக்காரர்களுக்கும் சொல்வோம்.

இப்படிக்கு,
கடலுக்கு வரும் ஒரு வெள்ளவத்தைவாசி